வானத்தில் இருந்த பழுப்பு

"நல்லாப் பாரு. கோபுரத்துக்கு மேல, இடது பக்கம்."

"பார்த்துட்டேன். சுத்தமா இருக்கு."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் சுத்தமா இருக்கு?"

கேட்டது என் அண்ணன். பாராட்டத்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கையில் கொடுக்கும்போதே படத்தை வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். நல்ல வேலை செய்தவர்களுக்கு வரும் சின்னத் திமிர் அது.

"அங்க ஒரு பெரிய கறை இருந்துச்சுண்ணா," என்றேன். "லேசுல போகல. இருபத்திமூணு தடவை ஒத்தி எடுத்தேன். இப்ப புற ஊதா விளக்குல வெச்சுப் பார்த்தாக்கூடத் தடம் தெரியாது. இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா எனக்கு எந்தக் கறையும் போனதில்ல."

அண்ணனோடு வந்திருந்த பல் டாக்டர், படத்தைக் கட்டி எடுத்துப்போகக் கொண்டுவந்த அட்டையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தார். யாரும் உட்காரச் சொல்லாமலே, தாள் நிமிர்த்தும் அழுத்துப்பொறிக்குப் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"தலைவரே," என்றார். "உங்க தங்கச்சி நிலாவைத் துடைச்சிட்டாங்க."

மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படியொரு செய்தி வரும்போது யாராவது ஒரு கோப்பையைக் கீழே போட்டு உடைப்பார்கள். இங்கே எதுவும் விழவில்லை. அண்ணன் படத்தை மேசைமேல் வைத்தான், தூங்கும் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல. பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டான்.

நான் வேலை செய்வது நகர ஆவணக் காப்பகத்தின் பின்பக்க அறையில். ஒரு நீளமான மேசை, ஒரு தொட்டி, ஓர் அழுத்துப்பொறி, வடக்குப் பார்த்த ஜன்னல். பழைய நில வரைபடங்கள் என்னிடம் வரும். அவற்றில் ஏரி இருக்கும், ஆறு இருக்கும், எந்தக் காலத்திலோ ஒரு குமாஸ்தா சிந்திய எண்ணெயும் இருக்கும். எது ஏரி, எது எண்ணெய் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை ஒருமுறைகூட நான் தவறியதில்லை.

"நிலா கோட்டுல போட்டது ரெண்டு," என்றேன். "ரெண்டும் அப்படியே இருக்கு பாருங்க. கதையிலயும் ரெண்டு நிலாதான். நான் படிச்சிருக்கேன்."

"நீ படிச்சது முதல் பாகம்," என்றான் அண்ணன். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

அது உண்மை. 'உப்புக் கோட்டை' நான்கு பாகம். எங்கள் வீட்டுக்கு முதல் பாகம் மட்டும் வந்தபோது எனக்கு ஆறு வயது, அவனுக்குப் பன்னிரண்டு. வந்த அன்றே அவன் பிளேடு எடுத்து அட்டையையும் உள்ளே இருந்த படங்களையும் அறுத்தெடுத்து, தன் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிப் பூட்டிக்கொண்டான். "நீ பார்த்தா எச்சில் பண்ணிடுவே," என்பான். எனக்குக் கிடைத்தது வெறும் எழுத்து. அந்த எழுத்தை வைத்து நானே ஒரு கோட்டை கட்டிக்கொண்டேன். அவன் வளர்ந்து, புத்தி வந்து, வா காட்டுகிறேன் என்று கூப்பிட்டபோது, என் கோட்டை எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த பாகங்களையும் தொடவில்லை. முதல் பாகம் வந்து இருபத்தெட்டு வருடம் ஆகியும் அந்தப் பிடிவாதம் தளரவில்லை. ஆகவே, அந்த முதல் பாகத்தின் அட்டைக்கான மூலப்படம் என் மேசைக்கு வந்தபோதுதான் முதல்முறையாக நான் அதைப் பார்த்தேன்.

கெட்டித் தாளில் கறுப்பு மையால் வரைந்தது. கடலோரம் கோபுரத்தோடு உப்பால் கட்டிய கோட்டை. அதன் ஆயிரம் படிகளில் ஒன்றில் ஒரு சிறுமி அண்ணாந்து நிற்கிறாள். மேலே, சேணம் பூட்டிய ஒரு பெரிய பறவை. சேணத்தில் ஆள் இல்லை. படிகளுக்கெல்லாம் மயிரிழைக் கோடுகள். வானத்துக்கு, கோட்டில் போட்ட இரண்டு நிலாவைத் தவிர ஒன்றுமே இல்லை, வெறும் தாள். பிடிவாதம் பிடித்து எதை இழந்திருக்கிறேன் என்று அன்றைக்கே புரிந்தது. பறவையின் நிழல் விழுந்த படியை மட்டும் அரைமணி நேரம் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான், அந்த வானத்தில் கிடந்த கறைகள்மேல் எனக்கு அத்தனை கோபம்.

"மூணாவது நிலாவுக்குக் கோடே கிடையாதும்மா," என்றார் பல் டாக்டர். "அதுதான் அந்தாளோட மேதைத்தனம். உலகத்துல யாரும் அப்படி வரைஞ்சதில்ல. புகை மாதிரி இருக்கும். ஓரத்துல மட்டும் கொஞ்சம் கருப்பு கூடும். என் கிளினிக்ல நாற்காலிக்கு மேல, கூரையில ஒட்டி வெச்சிருக்கேன். வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருக்கிறவங்க வேற எதைப் பார்ப்பாங்க? பல்லைப் பிடுங்கற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

"நாப்பத்தஞ்சு வருஷமா ஜனங்க பார்க்கறது," என்றான் அண்ணன். "அது வளருதா தேயுதான்னு எங்க சங்கமே ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு."

"ஒரு வருஷம் நாங்க பேசிக்கவே இல்ல," என்றார் டாக்டர். "நான் தேய்கட்சி. இவரு வளர்கட்சி."

'உப்புக் கோட்டை' ரசிகர்களின் அந்தச் சங்கத்தை எனக்குத் தெரியும், அண்ணன்தான் தலைவர். மாதம் ஒரு ஞாயிறு, சைக்கிள் கடை மாடியில் கூடுவார்கள். பஸ் ஓட்டுநர், செவிலி, இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. ஒரே படத்தை மாற்றி மாற்றிக் கையில் வாங்கி, முதல்முறை பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அண்ணிகூட அந்த மாடியில் கிடைத்தவள்தான். நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் நடத்தப்போவது வெறும் கூட்டம் இல்லை, கண்காட்சி. வெளியூரிலிருந்தெல்லாம் முந்நூறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். சுவரொட்டியில் போட்டிருந்தது ஒரே வரி: 'மூன்றாம் நிலவை மூலத்தில் காணுங்கள்.' அந்தச் சுவரொட்டி காப்பகத்து வாசலிலேயே ஒட்டியிருந்தது. பத்து நாளாக அதைத் தாண்டித்தான் உள்ளே வந்துகொண்டிருந்தேன். ஏதோ ஒரு பாகத்தில் வரும் சங்கதி போலும் என்று நினைத்தேனே தவிர, என் மேசைமேல் கிடப்பதோடு அதை முடிச்சுப்போடத் தோன்றவில்லை.

"ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல நீ?" என்றான் அண்ணன். இப்போதுதான் கோபம் வந்தது. "கைக்கு எட்டற தூரத்துல போன் இருக்கு. களை எடுக்கச் சொன்னா பயிரைப் பிடுங்கிட்டு நிக்கறே."

நான் கோப்பைத் திறந்து, படத்தோடு அவன் கொடுத்தனுப்பிய சீட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவன் கையெழுத்து. வானத்தில் இருக்கிற பழுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடு, ஒரு பொட்டு மிச்சம் வைக்காதே.

அதை அவன் மூன்று முறை படித்திருப்பான்.

"புள்ளி புள்ளியா ஈரப் பூஞ்சை பிடிச்சிருந்துச்சே, அதைச் சொன்னேன்."

"எல்லாத்தையும்னு எழுதியிருக்கே."

"எல்லாத்தையும்னா எல்லாத்தையுமா?"

"பின்ன?"

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "பொதுவா, 'கெட்ட பல்லை எடுங்க'ன்னு சொன்னா, எது கெட்டதுன்னு நாங்க ஒருதரம் கேட்டுக்குவோம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார்.

வேலை தொடங்குமுன் எடுத்த புகைப்படத்தைக் கணினியில் திறந்தேன். வானத்தில் பழைய நாணயம் அளவில் ஒரு வெளிறிய வட்டம். விளிம்பில் மட்டும் அடர்ந்த பழுப்பு. இருவரும் திரைக்கு அருகில் குனிந்தார்கள். டாக்டரின் மூச்சு கண்ணாடியில் படிந்தது.

"இதான்," என்றார். "இதான் அது. எவ்வளவு அழகா இருந்திருக்கு பாருங்க."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் என் தொழில் என்னைச் சொல்லவைத்தது. "டாக்டர், எந்தத் திரவமும் தாள்ல சொட்டினா ஓரம் நோக்கி ஓடி, அங்கதான் காயும். அதனாலதான் விளிம்பு கருக்குது. நான் எடுத்துப் பார்த்தேன். இது மை இல்ல, சாயம் இல்ல. டீ."



"என்னது?" என்றான் அண்ணன்.

"டீ. ஒரு சொட்டு. மேலயிருந்து விழுந்திருக்கு. அச்சுல அது சாம்பல் நிறமா விழுந்து நிலா மாதிரி தெரிஞ்சிருக்கும்."

அண்ணன் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றான். நாற்பது வயதுக்காரன். அவன் தோள் அப்படித் தொங்கி அப்பாவின் சாவுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. நிலா போனது ஒரு அடி. நிலாவே இருந்ததில்லை என்பது அதற்குமேல் இன்னோர் அடி. இரண்டையும் ஒரே மத்தியானத்தில் கொடுத்துவிட்டேன்.

திடீரென்று திரும்பினான். "அப்படி எடுத்தது எங்க போச்சு? ஒத்தி எடுத்தேன்னியே, எதுல ஒத்தினே?"

"பிளாட்டிங் பேப்பர்ல. குப்பைக்கூடையில இருக்கும்."

என் அண்ணன், ஒரு பள்ளியின் துணைத் தலைமையாசிரியன், முட்டிபோட்டு உட்கார்ந்து கூடையைக் கவிழ்த்தான். பென்சில் சீவல், பஞ்சு, பழத்தோல் எல்லாம் தரையில் பரவின. தாள்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, மடிப்பு நீவி மேசையில் அடுக்கினான். இருபத்திமூன்று மையொற்றுத் தாள்கள். முதல் தாளில் நல்ல பழுப்பு வட்டம், அடுத்ததில் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்ததில் இன்னும் குறைவு, கடைசித் தாளில் ஒன்றுமே இல்லை.

"தேயுது," என்றார் டாக்டர், தன்னை அறியாமல்.

அண்ணன் அவரைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"திரும்பப் போட முடியாதா?" என்று என்னிடம் கேட்டான். "உனக்குத்தான் கை வருமே."

"என் வேலையில எடுக்கலாம்ணா, சேர்க்கக் கூடாது. சேர்த்தா அதுக்குப் பேரு வேற. அதுவும் அடுத்தவங்க பொருள்."

அடுத்தவங்க என்றதும் மூவருக்கும் ஒரே நேரத்தில் கடிகாரம் ஞாபகம் வந்தது. படம் ஓவியரின் மகளுடையது. நான்கு பாகங்களுக்கும் வரைந்த மூலப்படங்கள் எல்லாம் பதிப்பகத்தின் கிடங்கில் வெள்ளம் புகுந்தபோது போய்விட்டன. வீட்டில் இருந்ததால் தப்பியது இது ஒன்று. கடன் கேட்டு அண்ணன் அவருக்கு ஒன்பது வருடம் கடிதம் எழுதினான். ஒன்பதாம் வருடம்தான் பதில் வந்தது. ஒரு கோடுகூட மாறாமல் திருப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத் தபாலில் வரவழைத்திருந்தான். பூஞ்சையை எடுத்ததுகூட அவருக்குத் தெரியாது. திருப்பித் தரும்போது சந்தோஷப்படட்டும் என்று இவனாகச் செய்தது. அவர் இன்றைக்கு ரயிலில் வருகிறார். படம் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் அண்ணன் சொல்லியிருந்ததால், நேராக இங்கேதான்.

"ஒரு கோடுகூட மாறலயே," என்றார் டாக்டர் மெல்ல. "அந்த வாக்கு வாக்குதான்."

"வாயை மூடுங்க டாக்டர்."

"இல்ல, கண்ணாடி போட்டு, விளக்கைக் கொஞ்சம் மங்கலா வெச்சா..."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. முந்நூறு பேரும் அந்த இடத்தை மட்டும் பார்க்கறதுக்குத்தான் வர்றாங்க."

"நான் சொல்லிடறேன்," என்றேன். "எடுத்தது நான். நானே சொல்றேன்."

"நீ சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றான். "நம்பிக் குடுத்தது என்கிட்ட."

கதவு தட்டாமலே திறந்தது. ஐம்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய முடி, அகலமான தோள்கள், முதுகில் ஒரு பை. நீச்சல் சொல்லிக்கொடுப்பவர் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அவர் உள்ளே வந்ததும் குளத்து மருந்தின் வாசனையும் லேசாக வந்தது.

"வழி கேட்டுக் கேட்டு வந்தேன்," என்றார். "உங்க ஆபீஸ்ல எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கு. நீங்கதானே கடிதாசிக்காரர்?"

அண்ணன் தலையாட்டினான். வணக்கம் சொல்லக் கை கூப்பியவன் கூப்பியபடியே நின்றான்.

அவர் மேசைக்கு வந்தார். பறவையைப் பார்க்கவில்லை, கோட்டையைப் பார்க்கவில்லை. அவர் கண் நேராக அந்த இடத்துக்குப் போனது. போய் நின்றது. விரலை நீட்டி, தாளைத் தொடாமல், ஒரு அங்குலம் மேலே காற்றில் நிறுத்தினார்.

"யாரு?" என்றார்.

"நான்தான்கா," என்றேன். "கறைன்னு நினைச்சு எடுத்துட்டேன். எனக்குத் தெரியாது. மன்னிச்சிடுங்க."

"கறைதான்," என்றார் அவர்.

அண்ணன் நிமிர்ந்தான்.

"கறைதான். டீ. நான் கொட்டினது." பையைக் கழற்றிக் கீழே வைத்தார். "அஞ்சு வயசு எனக்கு. அப்பாவுக்கு டீ எடுத்துட்டுப் போறேன்னு அடம்பிடிச்சு, அன்னிக்குத்தான் முதல்தடவையா அம்மா கையில டம்ளரைக் குடுத்தாங்க. அன்னிக்குச் சாயந்திரம் படம் அச்சுக்குப் போகணும். எப்படி இருக்குன்னு எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு."

சொட்டு விழுந்த இடத்தை விரலால் காற்றில் காட்டினார்.

"அடிப்பார்னு நினைச்சேன். அவர் படத்தை ஜன்னல்கிட்டத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தார். 'நான் போட்டது ரெண்டு நிலா, இது உன்னோடது'ன்னார். அப்படியே அனுப்பிட்டார். கதை எழுதினவர் அட்டையைப் பார்த்துட்டு மூணாவது நிலா எதுக்குன்னு கேட்டாராம். அப்பா வாயைத் திறக்கல. அவரா ஒரு காரணம் கண்டுபிடிச்சு ரெண்டாம் பாகத்துல எழுதிட்டார். அதுக்கப்புறம் ஒவ்வொரு படம் முடிஞ்சதும் அப்பா கூப்பிடுவார், 'நிலா வேணும், வா'ன்னு. ஸ்டூல் மேல ஏத்திவிடுவார். ஸ்பூன்ல எடுத்து மேல இருந்து விடுவேன். முதல்ல வேற தாள்ல பழகணும். பதினாலு வயசு வரைக்கும் விட்டேன்."

பல் டாக்டர் முக்காலியிலிருந்து எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"அப்ப எல்லா நிலாவும்..." என்றான் அண்ணன்.

"எல்லாமே நான்தான்."

"ஏன்கா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"ஜனங்க கடிதாசி எழுதுவாங்க. அந்த நிலாவுக்கு என்ன அர்த்தம், ஏன் கோடு இல்லன்னு பக்கம் பக்கமா. நானும் அப்பாவும் படிச்சுச் சிரிப்போம். ஒருதடவை ஒருத்தர் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அந்த நிலாவைப் பார்த்துக்கிட்டேதான் உயிரோட இருந்தேன்னு. அதுக்கப்புறம் நாங்க சிரிக்கல. சொல்லவும் முடியல." அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க கடிதாசிக்கு ஒன்பது வருஷம் பதில் போடாததும் அதான். அதுல நிலாவைத் தவிர வேற ஒண்ணுமே இல்ல. என்னன்னு எழுதறது?"

அண்ணன் எதையோ கேட்க வாயெடுத்து, நிறுத்தி, பிறகு அடக்கமுடியாமல் கேட்டுவிட்டான். "அக்கா, அது வளருதா, தேயுதா?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. "ரெண்டும் இல்லப்பா. அது கொட்டுது."

அப்போதுதான் மேசையில் வரிசையாக இருந்த தாள்களைக் கவனித்தார். முதல் தாளை எடுத்து முகர்ந்து பார்த்தார். வாசனை எதுவும் இருக்காது. எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"அப்பா போய் பதினோரு வருஷம்," என்றார், படத்தைப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழமை இதுக்குப் பக்கத்துல நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்னுதான் வந்தேன். ரயில் முழுக்க மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டே வந்தேன். 'இதோ பாருங்க, இங்கதான் என் கை ஆடிச்சு'ன்னு. இப்ப எதைக் காட்டிச் சொல்றது?"

புகைப்படம் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். திரையில் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. சொல்ல வரவில்லை. அவருடைய கை ஆடியது இந்தத் தாளில். அந்த ஆட்டத்தை இருபத்திமூன்று தடவையாக நான் உறிஞ்சி எடுத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பெருமைப்பட்டுக்கொண்டு.

அவர் தொட்டியிடம் போய்க் குழாயைத் திறந்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். மேசைமேல் தொங்கிய என் துண்டில், விரல் விரலாக ஈரம் துடைத்தார். படத்தைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துச் சமமாக வைத்தார். வலது கையை நீட்டி, கோபுரத்துக்கு மேலே அந்த வெறும் தாளுக்கு நேராகப் பிடித்து, அது ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடவில்லை. நீச்சல்காரக் கை.

அண்ணன் என்னைப் பார்த்தான். டாக்டரும் என்னைப் பார்த்தார். சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த அறையில் தண்ணீர் காய்ச்சும் மின்கெண்டி இருக்கிறது. இந்த அறைக்குள் குடிக்கிற எதையும் ஒரு சொட்டுகூடக் கொண்டுவரக்கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பவளும் நானேதான்.

"ஏம்மா," என்றார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு டம்ளர் டீ போட்டுத் தர்றியா? பால் வேண்டாம்."